காஞ்சன்பாக்: சாவியை ஒப்படைக்கும் மாதம்

ஹைதராபாத்தின் காஞ்சன்பாக் குவார்ட்டர்ஸில் குடியேறுகிற குடும்பத்துக்கு, கிளம்பவேண்டிய தேதி முதல் நாளே தெரியும். மத்திய அரசு ஊழியர் 60 வயது நிறைகிற மாதத்தின் கடைசி நாளில் ஓய்வு பெறுவார். ஒன்றாம் தேதி பிறந்தவர் என்றால் முந்தின மாதக் கடைசியிலேயே சால்வை போட்டு அனுப்பிவிடுவார்கள். 1998-ல் ஓய்வு வயதை 58-லிருந்து 60 ஆக்கியபோது பலருக்கும் இரண்டு வருஷம் சேர்ந்து கிடைத்தது. மற்றபடி சேரும் அன்றைக்கே விரல்விட்டு எண்ணிச் சொல்லிவிடலாம், எந்த மாதம் பெட்டி கட்டவேண்டும் என்று. அப்படித் தெரிந்தும் முப்பது வருஷம் அதை யாரும் நினைப்பதே இல்லை.

என் அக்காவைக் கட்டிய அத்தானுக்கு ஆபீஸ் பதிவேட்டில் பிறந்த தேதி 1964 ஜூன் 1. உண்மையில் அவர் ஐப்பசியில் பிறந்தவர். அம்பாசமுத்திரத்தில் ஒன்றாம் வகுப்பில் சேர்க்கப் போனபோது ஐந்து வயசு நிறையவில்லை என்று ஹெட்மாஸ்டரே கையில் வந்த தேதியைப் போட்டுக்கொண்டார். அந்தத் தலைமுறையில் இப்படி மே, ஜூனில் 'பிறந்தவர்கள்' நம் ஊர்ப்பக்கம் எத்தனையோ பேர். அந்தப் பேனா அத்தானின் சர்வீஸில் ஐந்தாறு மாதத்தைச் சாப்பிட்டுவிட்டது. 2024 மே 31, வெள்ளிக்கிழமை மாலை, அவர் ஓய்வு பெற்றார். ஜூன் மூன்றாவது வாரம் வீட்டைக் காலி செய்தார்கள். இடைப்பட்ட நாட்களில் கூடமாட ஒத்தாசைக்கு நான் போயிருந்தேன்.

ஹைதராபாத்தின் தென்கிழக்கில் சந்தோஷ் நகரைத் தாண்டி டி.எம்.ஆர்.எல். எக்ஸ் ரோட்ஸ் வந்தால் மதில்கள் ஆரம்பிக்கும். மதிலுக்கு மேல் முள்கம்பி, கம்பிக்கு மேல் வேப்பமரக் கிளைகள். டெல்லியில் 1958-ல் சிறு குழுவாகத் தொடங்கிய ஏவுகணை ஆராய்ச்சி, டி.ஆர்.டி.எல். என்ற ஆய்வுக்கூடமாகி 1962-ல் ஹைதராபாத்துக்கு வந்தது. அடுத்த வருஷம் உலோக ஆராய்ச்சிக்கென்று டி.எம்.ஆர்.எல். 1970-ல் ஏவுகணைகளைத் தயாரிக்க பாரத் டைனமிக்ஸ். 1973-ல் டைட்டானியமும் விசேஷ எஃகும் செய்ய மிதானி. இவ்வளவும் காஞ்சன்பாக் என்ற ஒரே வட்டாரத்தில். பின்கோடு 500058.

ஹைதராபாத் தமிழர் என்றால் பலருக்கும் செகந்திராபாத் பக்கம்தான் ஞாபகம் வரும். கன்டோன்மென்ட் காலத்தில் வந்து வேரூன்றிய முதலியார் குடும்பங்கள், பத்மாராவ் நகர், அங்கே ஸ்கந்தகிரி முருகன் கோயில், மாரேட்பள்ளி மாமிகள். அவர்கள் அந்த ஊர்க்காரர்களாகவே ஆகிவிட்டவர்கள். காஞ்சன்பாக் தமிழர்கள் வேறு ரகம். பேப்பரில் விளம்பரம் பார்த்து, பரீட்சை எழுதி, இன்டர்வியூவுக்கு வந்து, சூட்கேஸோடு நின்றவர்கள். கிருத்திகை அன்று ஸ்கந்தகிரி போய்வருவதே அவர்களுக்கு ஊரைக் குறுக்கே கடக்கிற யாத்திரைதான்.

அப்படி வந்தவர்களில் பெரிய பெயர் ராமேஸ்வரத்துக்காரர் ஒருவர். இஸ்ரோவிலிருந்து 1982 ஜூனில் டி.ஆர்.டி.எல். இயக்குநராக வந்த அப்துல் கலாம், 1992 ஜூலையில் பாதுகாப்பு அமைச்சரின் அறிவியல் ஆலோசகராக டெல்லிக்குப் போனார். அவருக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்த வி.எஸ். அருணாசலமும் டி.எம்.ஆர்.எல். இயக்குநராக இதே காஞ்சன்பாக்கில் இருந்தவர். ஒருங்கிணைந்த ஏவுகணைத் திட்டம் 1983-ல் தொடங்கியபோது அதற்கு ஊக்கம் கொடுத்த பாதுகாப்பு அமைச்சர் ஆர். வெங்கட்ராமன். நாகர்கோவிலில் பிறந்து பின்னாளில் பிரமோஸை வழிநடத்திய சிவதாணுப் பிள்ளையும் கலாமின் குழுவில் இருந்தவர். இந்தப் பட்டியலைச் சொல்லும்போது அத்தானின் குரல் கொஞ்சம் நிமிரும். அவர் 1988-ல் டெக்னிகல் பிரிவில் சேர்ந்தவர். கலாம் கிளம்பியபோது வயசு 28. "எல்லாரும் போட்டோ எடுத்தாங்க, நான் அன்னைக்கு ஷிஃப்ட்டுல இருந்தேன்" என்பார்.

2021 டிசம்பரில் ஓவைசி ஆஸ்பத்திரி சந்திப்பில் திறந்த மேம்பாலத்துக்குக் கலாம் பெயரை வைத்திருக்கிறார்கள். பத்து வருஷம் இருந்தவரை ஊர் தன்னவராக வரித்துக்கொண்டது. முப்பத்தாறு வருஷம் இருந்த அத்தானுக்கு ஜூன் 1 காலையில் ஆய்வுக்கூடத்தின் கேட்டுக்குள் போக விசிட்டர் பாஸ் வேண்டும். இரண்டுமே நியாயம்தான். ஆனால் இரண்டாவது நியாயம் ஒரு ராத்திரியில் வந்துவிடுகிறது.

அத்தான் அங்கே என்ன வேலை பார்த்தார் என்று அக்காவுக்குத் தெரியாது. இது மிகையில்லை. கேட்கக்கூடாது என்று கல்யாணமான புதிதில் சொன்னதோடு சரி. "டூர்" என்பார், பை தயாராகும். பாலசோர் டிக்கெட். எத்தனை நாள் என்றால், "பார்க்கலாம்." செல்போன் வராத காலத்தில் பத்து, பதினைந்து நாள் ஒரு தகவலும் இருக்காது. எதிர்வீட்டு வாரங்கல் அம்மாளின் கணவரும் அதே வாரம் டூர். மாடியில் குண்டூர்க்காரரும் டூர். கீழ்வீட்டு சையதாபாத் பாயும் டூர். நாலு வீட்டிலும் ஆண்கள் இல்லையென்றால் ஒடிசாக் கடற்கரையில் ஏதோ பறக்கப் போகிறது என்று பெண்கள் புரிந்துகொள்வார்கள். வாய்விட்டுச் சொல்லிக்கொள்ள மாட்டார்கள். 1999 ஏப்ரலில் அக்னி-2 பறந்ததையும், 2012 ஏப்ரல் 19 அன்று அக்னி-5 பறந்ததையும் டிவியில் பார்த்துத்தான் அக்கா தெரிந்துகொண்டாள்.

அக்கம்பக்கம் அப்படி ஒட்டிக்கொண்டதற்கு முக்கியமான காரணம் இதுதான் என்று எனக்குப் படுகிறது. வேற்றுமையில் ஒற்றுமை என்று சுவரில் எழுதியிருந்ததால் அல்ல. ராத்திரி இரண்டு மணிக்குக் குழந்தைக்கு ஜுரம் நூற்றி மூன்று. புருஷன் எங்கே இருக்கிறான் என்று தெரியாது. தெரிந்தாலும் கூப்பிட முடியாது. அப்போது தட்டக்கூடிய கதவு எதிர்வீட்டுக் கதவு ஒன்றுதான். அக்காவின் சொந்தக்காரர்கள் எல்லாம் நீண்ட ரயில் பயணம் தள்ளி. வாரங்கல்காரிக்கு ஊர் பக்கம்தானே என்றால், அவளுக்கும் அந்த இரண்டு மணிக்கு வாரங்கல் தூரம்தான்.

அக்கா அவளை 'வதினா' என்பாள், தெலுங்கில் மதினி. கீழ்வீட்டு பாயின் மனைவியை 'ஆபா'. குண்டூர் வீட்டம்மாளை என்ன முறை சொல்லிக் கூப்பிடுவது என்று முடிவாகாமலே முப்பது வருஷம் ஓடிவிட்டது. டி.எம்.ஆர்.எல்.லின் பூர்வீகம் வங்காளத்து ஈஷாப்பூர் என்பதால் இரண்டு பிளாக் தள்ளி ஒரு வங்காளி தாத்தா இருந்தார். அவர் எல்லாருக்கும் தாதா. கேந்திரிய வித்யாலயாவில் படித்த அக்கா பிள்ளைகள் வீட்டில் பேசியது நெல்லைத் தமிழ், படிக்கட்டில் தெலுங்கு, கிரவுண்டில் 'நக்கோ', 'ஹௌ' கலந்த ஹைதராபாத் இந்தி. பதுகம்மா பண்டிகை நாட்களில் வதினா ஆவாரம்பூவைத் தட்டில் கோபுரமாக அடுக்கும்போது, நம் ஊரில் வெயிலுக்குத் தலையில் வைக்கிற பூவை இவர்கள் சாமியாக்கிவிட்டார்களே என்று அக்கா முதல் வருஷம் அசந்துபோனாளாம். பிறகு பறித்துக்கொடுக்கிற ஆளே அவள்தான்.

ஊரே இரண்டாகப் பிரிந்தபோதுகூட இந்தப் படிக்கட்டு தாக்குப்பிடித்தது. தெலங்கானாப் போராட்டம் உச்சத்தில் இருந்த வருஷங்களில் வாரங்கல் வீடும் குண்டூர் வீடும் எதிரெதிர்க் கட்சி. டிவி சத்தத்தைக் குறைத்துக்கொண்டார்கள், அவ்வளவுதான். 2014 ஜூன் 2 அன்று மாநிலம் பிரிந்தது. பத்து வருஷத்துக்கு ஹைதராபாத் இரண்டுக்கும் பொதுத் தலைநகர் என்று சட்டம். அந்தப் பத்து வருஷம் முடிந்தது அத்தான் ரிடையர் ஆன இரண்டு நாள் கழித்து, 2024 ஜூன் 2-ல். அன்றைக்கு மாடியிலிருந்து இறங்கி வந்த குண்டூர்க்காரர், "இன்னையிலேர்ந்து நானும் உங்களை மாதிரி வெளியூர்க்காரன்தான்" என்று அத்தானிடம் சொல்லிச் சிரித்தார். வதினாவின் வீட்டுக்காரர் அவர் கையில் பாதுஷாவைத் திணித்தார்.

குவார்ட்டர்ஸ் வாழ்க்கையை ஒரேயடியாகப் புகழவும் எனக்கு மனசில்லை. டைப்-2, டைப்-3, டைப்-4 என்று சம்பளத்தை வாசலில் எழுதி ஒட்டின குடியிருப்பு அது. யார் குழந்தை யார் குழந்தையோடு விளையாடலாம் என்று அளவு பார்த்த அம்மாக்கள் அங்கேயும் உண்டு. நெய்வேலியிலோ கல்பாக்கத்திலோ வளர்ந்தவர்களைக் கேட்டால் இதை இன்னும் காரமாகச் சொல்வார்கள். அப்புறம், அந்த மதில். 2020 அக்டோபர் மழையில் பாலாப்பூர் பக்கத்து குர்ரம் செருவு உடைத்துக்கொண்டு ஹாஃபிஸ் பாபா நகரில் வெள்ளம் புகுந்தது. கூப்பிடு தூரம். அக்கா வீட்டில் பாத்திரம் தேய்த்த அம்மாள் அங்கிருந்து வருபவள். கழுத்தளவு தண்ணீரில் ரேஷன் கார்டைத் தலையில் வைத்துக்கொண்டு நின்றதாக ஒரு வாரம் கழித்து வந்து சொன்னாள். மதிலுக்கு இந்தப்பக்கம் அன்றைக்கும் குழாயில் தண்ணீர் நேரத்துக்கு வந்தது. நல்ல அக்கம்பக்கத்துக்கும் ஓர் எல்லைக்கல் இருந்தது. அதை அரசாங்கம் நட்டிருந்தது.

மதிலுக்கு வெளியே சந்திராயன்குட்டா பக்கம் போனால் பார்கஸ். கிளம்புவதைப் பற்றி எழுதும்போது அந்த ஊரைச் சொல்லாமல் விட முடியாது. ஏமன் நாட்டு ஹத்ரமவுத்திலிருந்து நிஜாமின் படையில் சிப்பாய்களாக வந்த அரபிகளின் சந்ததியார் வாழ்கிற இடம். அவர்களில் குஐத்தி குடும்பம் நிஜாமிடம் ஜமேதாராக இருந்து சம்பாதித்த பணத்தில் ஹத்ரமவுத்திலேயே ஒரு ராஜ்யத்தைப் பிடித்து 1967 வரை ஆண்டது. 1948 செப்டம்பரில் இந்தியப் படை ஹைதராபாத்துக்குள் வந்தபின் நிஜாமின் அரபிகள் பலரைக் காவலில் வைத்தார்கள். ஒரு பகுதியினரைக் கப்பலேற்றித் திருப்பி அனுப்பினார்கள். இங்கேயே பிறந்து, உருதுவும் தெலுங்கும் பேசி, பார்த்தே இராத பாலைவனத்துக்குப் போனவர்கள் அதில் உண்டு. மிச்சமிருந்தவர்கள் கொய்யா பயிரிட்டார்கள், கடை வைத்தார்கள், கைலி கட்டிய ஆண்கள் விடிகாலையில் ஹரீஸ் சாப்பிடுகிற வழக்கத்தை விடவில்லை. கோதுமையும் கறியும் ராத்திரி முழுக்க வெந்து கூழான பண்டம், நெய் மிதக்கும், இனிப்பும் உண்டு, உப்பும் உண்டு. அத்தான் சைவப்பிள்ளை வீட்டுப் பையன். ஹரீஸை மட்டும் அக்காவுக்குத் தெரியாமல் சாப்பிட்டதாக அந்தக் கடைசி வாரத்தில்தான் ஒத்துக்கொண்டார்.

ஆபாவின் அண்ணன் மகளைக் கொடுத்தது பார்கஸில். மருமகன் ஜித்தாவில் வேலை. 2017 ஜூலையில் சவூதி அரசு, வெளிநாட்டு ஊழியர்களின் குடும்பத்தாருக்குத் தலைக்கு மாதம் 100 ரியால் கட்டணம் போட்டது. வருஷத்துக்கு நூறு நூறாக ஏறி 2020-ல் 400 ஆனது. மனைவி, மூன்று பிள்ளைகள் என்றால் மாதம் 1,600 ரியால், குடியிருப்பதற்காக மட்டும். ஹைதராபாத்துக்குத் திரும்பி வந்த குடும்பங்கள் ஏராளம், அவர்களும் வந்தார்கள். வளைகுடாவில் இருக்கும் நம் ஆட்கள் 'பைனல் எக்ஸிட்' என்பார்களே, அதுதான். அது கிடைத்துவிட்டால் நாட்கணக்கில் கடையைக் கட்டவேண்டும். சோபாவை யாருக்கு, ஏசியை யாருக்கு, குழந்தைகளின் டி.சி. எப்போது. அந்தப் பெண் அக்கா வீட்டுக்கு வந்திருந்தபோது, கட்டிவைத்த அட்டைப்பெட்டிகளைப் பார்த்து, "உங்களுக்காவது முப்பது வருஷ நோட்டீஸ் கொடுத்தார்கள்" என்றாள். எனக்குச் சுருக்கென்றது.

ஓய்வுக்கு முந்தைய மாதம் அத்தானுக்கு வேலையே கையெழுத்து வாங்குவதுதான். நோ டியூஸ் பாரம். லைப்ரரியில் புத்தகம் பாக்கி இல்லை, ஸ்டோரில் கருவி பாக்கி இல்லை, கேன்டீனில், சொசைட்டியில் கடன் இல்லை. ஒவ்வொரு மேஜையிலும் ஒரு தேநீர். முப்பத்தாறு வருஷம் ஹலோ மட்டும் சொன்ன ஆட்களோடு அந்த இரண்டு வாரத்தில்தான் உட்கார்ந்து பேசியதாகச் சொன்னார். எஸ்டேட் ஆபீஸிலிருந்து வீட்டைப் பார்க்க வந்தவர் சீலிங் ஃபேன் எத்தனை, டியூப்லைட் எத்தனை, குழாய் எத்தனை என்று பட்டியலோடு சரிபார்த்தார். சுவரில் ஆணி அடித்த ஓட்டைகளை எண்ணவில்லை. அக்கா பற்பசையை வைத்து அடைத்திருந்தாள். பிள்ளைகளின் உயரத்தைப் பென்சிலால் குறித்த கதவு நிலை மட்டும் அப்படியே இருந்தது. "பெயின்ட் அடிச்சிடுவாங்க" என்றார் அவர். அவருக்கும் பழக்கம்தான்.

மே என்பதால் இன்னொரு சங்கடம், ஆவக்காய் சீசன். தெலுங்கு வீடுகளில் அந்த மாதம் வேறு எதுவும் நடக்காது. வதினா வருஷா வருஷம் மாதன்னப்பேட்டை மண்டியிலிருந்து காய் எடுத்து, அங்கேயே கொட்டையோடு வெட்டுவித்துக் கொண்டுவருவாள். வந்ததும் வீட்டுக்கு வீடு பெண்கள் துணி போட்டு உட்கார்ந்து ஒவ்வொரு துண்டாகத் துடைப்பார்கள். உள்ளே இருக்கும் மெல்லிய ஜவ்வை உரிக்க வேண்டும், கொட்டையின் ஓடு ஒட்டியிருக்க வேண்டும், ஈரம் ஒரு பொட்டு இருக்கக்கூடாது. கடுகுப்பொடி, மிளகாய்ப்பொடி, உப்பு, பிறகு நல்லெண்ணெய். பிசைந்து ஜாடியில் போட்டுக் கட்டிவைத்தால் மூன்றாம் நாள் திறந்து கிளறிவிட வேண்டும். அப்போதுதான் உப்புப் பார்ப்பார்கள். எண்ணெய் மேலே நிற்காவிட்டால் இன்னும் ஊற்றுவார்கள். இந்த வருஷமும் அக்காவுக்கென்று ஒரு பங்கு போட்டாள். முன்னெல்லாம் கொடுத்ததைவிட இரண்டு மடங்கு.

லாரிக்காரர்கள் அந்த ஜாடியை ஏற்ற மாட்டோம் என்றுவிட்டார்கள். எண்ணெய்ப் பதார்த்தம் கசிந்தால் மெத்தை, துணி எல்லாம் போச்சு, இன்ஷூரன்ஸ் கிடையாது என்று சூப்பர்வைசர் பையன் விதியைக் காட்டினான். வதினா அவனிடம் தெலுங்கில் என்ன சொன்னாள் என்று எனக்குப் புரியவில்லை. அவன் அம்மாவைப் பற்றி ஏதோ கேட்டாள். அவன் கரீம்நகர் என்றான். உங்கள் வீட்டில் ஆவக்காய் கிடையாதா என்று கேட்டாள். அவன் விதியில் நின்றான். கடைசியில் ஜாடியிலிருந்து பிளாஸ்டிக் டப்பாக்களுக்கு மாற்றி, டேப் சுற்றி, துண்டில் கட்டி, ரயிலில் கைச்சாமானாக வந்தது. காலி ஜாடி லாரியில் வந்தது. சூப்பர்வைசருக்கும் ஒரு சின்ன டப்பா போனது. அதை அவன் மறுக்கவில்லை.

கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்னால் வதினா அக்காவைத் தலைக்குக் குளித்துவிட்டு வரச்சொன்னாள். போனால் கூடத்தில் கோலம், மேலே மணைப்பலகை. கிழக்குப் பார்த்து உட்காரவைத்து, புதுச்சேலை கொடுத்து, நெற்றியில் பொட்டிட்டு, காலில் மஞ்சள் பூசினாள். மஞ்சளும் துளி நெய்யும் பிசிறிய அரிசி ஒரு தாம்பாளத்தில் இருந்தது; அதோடு கொப்பரை மூடிகள், விரலி மஞ்சள், பாக்கு, ரவிக்கைத் துணி. அரிசியை இரண்டு கையாலும் அள்ளி அக்காவின் முந்தானையில் போட்டாள். பின்னால் வதினாவின் வீட்டுக்காரர் வந்து போட்டார், அண்ணன் ஸ்தானத்தில். ஒடி பிய்யம் என்பது இதற்குப் பெயர். தெலங்கானாவில் கட்டிக்கொடுத்த பெண்ணுக்குப் பிறந்தவீட்டார் செய்கிற சீர். மடி நிறைய அரிசியோடு அவள் புகுந்தவீட்டுக்குப் போகவேண்டும், அங்கே அதைப் பொங்கி நாலு சுமங்கலிக்குப் போடவேண்டும்.

எங்கள் அம்மா போய்ப் பல வருஷமாயிற்று. எங்களுக்கு அண்ணன் தம்பி கிடையாது. அக்கா புகுந்தவீட்டை நோக்கித்தான் போகிறாள் என்பதும், அவள் கிளம்புகிற வீடு பிறந்தவீடு என்பதும் வதினா போட்ட கணக்கு. அதைச் சொல்லி விளக்கியிருந்தால் அக்கா தாங்கியிருப்பாள். வதினா ஒன்றும் சொல்லாமல், "பாரம் தாங்குமா, சேலை கிழிஞ்சிடப்போகுது, இறுக்கிப் பிடி" என்று அதட்டிக்கொண்டே போட்டாள். அக்கா அழுததில் அரிசி கொஞ்சம் நனைந்தது. அம்பை 16 என்று தன் பெயரில் நெல் ரகமே உள்ள ஊருக்கு, வதினாவின் பி.பி.டி. ரக அரிசியை மூட்டை கட்டிக்கொண்டு போனோம். சத்திரத் தெரு சுமங்கலிகள் சாப்பிட்டுவிட்டு, சோறு பொலபொலவென்று இருக்கிறது, என்ன விலை என்று கேட்டார்கள்.

பாய் வீட்டார் செய்தது வேறு. புறப்படுகிற அன்று சாயங்காலம், வண்டி வாசலில் நிற்கும்போது, பச்சைப்பட்டுத் துணியில் காசு முடிந்த ஒரு பட்டையை அத்தானின் வலது புஜத்தில் பாய் கட்டினார். அக்காவுக்கு ஆபா. இமாம் ஜாமின். ஹைதராபாத்தில் மகன் துபாய்க்கு விமானம் ஏறினாலும், மகள் மாமியார் வீடு போனாலும் இதைக் கட்டாமல் அனுப்பமாட்டார்கள். இமாமின் பொறுப்பில் ஒப்படைக்கிறோம், போய்ச் சேரும்வரை அவர் ஜாமீன் என்று அர்த்தம். சேர்ந்ததும் அவிழ்த்து அந்தக் காசை இல்லாதவர் யாருக்காவது கொடுத்துவிட வேண்டும். அத்தான் அதைச் சட்டைக்கு உள்ளே தள்ளிக்கொண்டு சார்மினார் எக்ஸ்பிரஸில் தாம்பரம்வரை வந்தார். அங்கே வண்டி மாறும்போது ஒரு கிழவர் கைநீட்டினார். அக்கா கொடுத்துவிடலாம் என்றாள். "இன்னும் ஊர் வரலையே, பாதியில எப்படி முடியும்?" என்றார் அத்தான். கவுன்ட்டவுன் பார்த்தே காலம் தள்ளிய மனுஷர். அம்பாசமுத்திரத்தில் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்துதான் அவிழ்த்தார்.

ஏன் கிளம்பவேண்டும், அங்கேயே இருந்திருக்கலாமே என்று எல்லாரும் கேட்கிறார்கள். இருந்தவர்கள் பலர். வனஸ்தலிபுரம், சம்பாபேட், மீர்பேட், படங்பேட் என்று ரிடையர் ஆனவர்களின் வீடுகள் வளையம் போல நிற்கின்றன. அத்தானுக்கும் தொண்ணூறுகளில் பாலாப்பூரில் மனை வந்தது. முள்ளுக்காடு, யார் போவார்கள் என்று விட்டுவிட்டார். அந்த ஊர்ப் பிள்ளையார் கையில் வைக்கும் லட்டை ஏலம் விடுவது 1994-ல் தொடங்கியது. முதல் ஏலம் 450 ரூபாய். 2023-ல் அது 27 லட்சம். மனை விலையும் ஏறக்குறைய அந்த லட்டின் பாதையிலேயே போயிற்று. ஒவ்வொரு விநாயகர் சதுர்த்தி முடிவிலும் லட்டு விலையை டிவியில் சொல்லும்போது அக்கா அத்தானை ஒரு பார்வை பார்ப்பாள் என்பது அந்த பிளாக்குக்கே தெரியும்.

அம்பாசமுத்திரத்தில் அவர்களை 'ஐதராபாத்காரங்க' என்கிறார்கள். காஞ்சன்பாக்கில் கடைசிவரை 'தமிழ் அக்கா வீடு'. ஊரில் பக்கத்து வீட்டுக்காரர் பதினைந்து நாளில் வேலித் தகராறு கொண்டுவந்துவிட்டார். சொந்த ஊர் என்றால் சொந்த நிலம் இருக்கிறது, நிலம் இருந்தால் எல்லை இருக்கிறது. குவார்ட்டர்ஸில் யாருக்கும் ஒரு சதுர அடி சொந்தமில்லை. சண்டைக்குக் காரணம் தண்ணீர், கார் நிறுத்துவது, மேல்வீட்டுக் கால் சத்தம் என்பதோடு முடிந்தது. ஒற்றுமைக்கு நல்ல மனசு மட்டும் போதும் என்று நம்புகிறவர்கள் இந்தப் பட்டா விவகாரத்தையும் கொஞ்சம் யோசிக்கலாம்.

சாவியை ஒப்படைக்கிறதுக்கு முந்தின நாள், வீடு ஒதுக்கப்பட்ட புதுக் குடும்பம் பார்க்க வந்தது. நாக்பூர் பக்கம். இளம் தம்பதி, இடுப்பில் ஒரு குழந்தை. அந்தப் பெண் கூச்சத்தோடு வாசலிலேயே நின்றாள். தண்ணீர் எப்போது வரும் என்று கேட்டாள். அக்கா வாயைத் திறப்பதற்குள் எதிர்வாசலிலிருந்து வதினா பதில் சொல்லிவிட்டாள்: காலையில் ஆறுக்கு, சாயங்காலம் ஐந்துக்கு, பின்பக்கக் குழாயை முழுக்கத் திறக்காதே, பால்காரனிடம் நான் சொல்லிக்கொள்கிறேன், குழந்தைக்கு எத்தனை மாசம், சளி பிடித்திருக்கிறாற்போல இருக்கிறதே. அக்காவின் முகம் போன போக்கைப் பார்த்து நான் சமையலறைக்குள் போய்விட்டேன்.

ஏர்கூலர் ஒன்றை அக்கா எடுத்துப்போவதாக இல்லை. ஊரில் பொதிகைக் காற்று இருக்கிறது. விற்கலாம் என்று ஆயிரத்து ஐந்நூறு சொன்னாள். புதுப்பெண் புருஷனைப் பார்த்தாள். வதினா உள்ளே வந்து கூலரின் பக்கவாட்டுப் பலகையைத் தட்டினாள், புல் தட்டியை விரலால் நோண்டிப் பார்த்தாள்.

"இதுக்கா ஆயிரத்தைந்நூறு? மோட்டார் போன வருஷமே சத்தம் போட்டுச்சு, எனக்குத் தெரியாதா? எழுநூறு கொடும்மா."

"வதினா, நீங்க யார் பக்கம்?" என்றாள் அக்கா.

"நீ நாளைக்குப் போறவ. இவ இருக்கப்போறவ."

எண்ணூறுக்குப் படிந்தது.